லைசென்ஸ் கையில், எந்த வண்டி சாலையில்? வாசகர் கேள்வி – பதில்

என் மகள் போன மாதம் ஸ்கூட்டியில் எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கினாள். இப்போது அண்ணனின் 150 சிசி பைக்கை எடுக்கிறாள். கேட்டால், “டூ வீலர் லைசென்ஸ்தானே, எல்லாம் ஒன்றுதான்” என்கிறாள். சரியா?
– வாசகி, கோவில்பட்டி

சரியில்லை. அவருடைய லைசென்ஸ் அட்டையில் வாகன வகை என்ற இடத்தைப் பாருங்கள். ‘எம்.சி.டபிள்யூ.ஓ.ஜி.’ என்று இருந்தால் கியர் இல்லாத வண்டி மட்டும். கியர் பைக்குக்கு ‘எம்.சி.டபிள்யூ.ஜி.’ வேண்டும். கியர் வண்டிக்கு வாங்கியவர் ஸ்கூட்டர் ஓட்டுவதில் நடைமுறையில் சிக்கல் இல்லை. சிக்கல் மறுபக்கத்தில்தான்.

சில நாடுகளில் புதிதாக லைசென்ஸ் வாங்கியவருக்கு ஓரிரு ஆண்டு தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. நம் சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. இங்கே கட்டுப்பாடு முழுவதும் அந்த வாகன வகையில்தான் இருக்கிறது. அதை யாரும் படிப்பதில்லை என்பதுதான் தொல்லை. சோதனையில் பிடிபட்டால் உரிய லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதாக 5,000 ரூபாய் அபராதம் வரும். வண்டியைக் கொடுத்த அண்ணனுக்கும் தனியாக 5,000 வரும். விபத்தானால் அதைவிட மோசம். அடிபட்டவருக்கான இழப்பீட்டை இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் கட்டிவிட்டு, பிறகு வண்டிக்காரரிடமே வசூலித்துக்கொள்ள நீதிமன்றங்கள் வழிவிடுவதுண்டு. சொந்த வண்டியின் சேதத்துக்கான கிளெய்மும் நிற்காது.

வகையைச் சேர்ப்பது பெரிய வேலையில்லை. மத்திய அரசின் சாரதி இணையதளத்தில் முதலில் கியர் பைக்குக்கு எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) போடுங்கள். 30 நாள் கழித்து, ஆறு மாதத்துக்குள், கூடுதல் வகை சேர்க்க விண்ணப்பித்துத் தேர்வுக்குப் போக வேண்டும். மத்திய விதிப்படி எல்.எல்.ஆர். 150, ஓட்டும் தேர்வு 300, வகை சேர்க்க 500 ரூபாய். சேவைக் கட்டணம் போன்றவை இதற்கு மேல்.

தேர்வுக்குக் கொண்டுபோகும் பைக்குக்கு ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றும் நடப்பில் இருக்கட்டும். சான்று காலாவதியாகித் திருப்பி அனுப்பப்படுபவர்கள் நிறைய. ஸ்கூட்டர் பழகியவர்கள் கியர் பைக்கில் எட்டு போடும்போது தடுமாறுவது ஒரே இடத்தில்தான்: வளைவில் ஹேண்டிலை முழுக்கத் திருப்பிவிட்டு, பழக்கத்தில் முன் பிரேக்கைப் பிடிக்கிறார்கள். வண்டி அப்படியே சாய்ந்து கால் தரையில் விழும். முதல் கியரில் கிளட்சைப் பாதி விட்டு, ஆக்ஸிலரேட்டரை ஒரே அளவில் வைத்து, வேகத்தைக் கால் பிரேக்கால் மட்டும் குறைத்தால் வண்டி நிதானமாகத் திரும்பும்.

மகனுக்கு 16 வயது. டியூஷனுக்கு நாலு கிலோமீட்டர். “16 வயசுக்கே லைசென்ஸ் உண்டு சார், எக்ஸ்எல் எடுத்துக் கொடுங்க” என்கிறார் ஷோரூம்காரர். இல்லாவிட்டால் லைசென்ஸே தேவைப்படாத பேட்டரி ஸ்கூட்டர் இருக்கிறதாம்.
– வாசகர், திண்டுக்கல்

அவர் சொன்னதில் பாதி உண்மை. பெற்றோரின் எழுத்துப்பூர்வ சம்மதத்தோடு 16 வயதில் லைசென்ஸ் எடுக்கலாம். ஆனால் அது 50 சிசிக்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்கு மட்டும். நீங்கள் கேட்ட டிவிஎஸ் எக்ஸ்எல் 100 கிட்டத்தட்ட 100 சிசி. ஆக்டிவா 110 சிசிக்குப் பக்கம். அந்தக் காலத்து 50 சிசி மொபெட் இன்று ஷோரூமில் கிடைப்பதில்லை. சட்டத்தில் வழி இருக்கிறது, அதில் ஓட்ட வண்டிதான் இல்லை.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த 199ஏ பிரிவைப் பெற்றோர் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர் ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோரோ வண்டி உரிமையாளரோதான் பொறுப்பு: மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. சிறுவரிடம் லைசென்ஸோ எல்.எல்.ஆரோ இருந்தால் பெற்றோருக்கு விலக்கு உண்டு என்பது உண்மைதான். ஆனால் ஓட்டிய வண்டி அந்த லைசென்ஸுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். 50 சிசி லைசென்ஸை வைத்துக்கொண்டு 100 சிசி வண்டியில் போனால் அந்த விலக்கு உங்களைக் காப்பாற்றாது.

பேட்டரி ஸ்கூட்டர் விஷயம். மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருந்தால்தான் பதிவும் லைசென்ஸும் வேண்டாம். பச்சை நம்பர் பிளேட் மாட்டிய மின் ஸ்கூட்டர் எல்லாம் பதிவு செய்யப்பட்டவை. அவற்றுக்கு 18 வயதும் லைசென்ஸும் வேண்டும். வாங்கும்போது ஏராய், ஐகேட் போன்ற பரிசோதனை நிறுவனம் கொடுத்த சான்றின் நகலைக் கேளுங்கள். தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். மீட்டரை நம்பாமல் செல்போன் ஜி.பி.எஸ்ஸில் வேகம் பாருங்கள். 40 காட்டினால் வேகக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். “ஒரு வயரைக் கழற்றினால் போதும்” என்று விற்பவரே சொல்வதும் உண்டு. கழற்றியதும் அது பதிவில்லாத, இன்சூரன்ஸ் இல்லாத மோட்டார் வாகனம். நாலு கிலோமீட்டருக்கு என்னைக் கேட்டால் சைக்கிள்.

எல்.எல்.ஆர். மட்டும் இருக்கிறது. அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக் காரில் கொடைக்கானல் போகலாமா? பைக்கில் மனைவியை ஏற்றலாமா?
– வாசகர், மதுரை

எல்.எல்.ஆர். இந்தியா முழுவதும் செல்லும், ஆறு மாதத்துக்கு. அப்பாவிடம் கார் லைசென்ஸ் இருக்க வேண்டும், வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடிகிற இடத்தில் உட்கார வேண்டும் என்கிறது விதி. பயிற்சிப் பள்ளிக் காரில் பக்கத்து இருக்கையிலும் பெடல் இருக்கும். உங்கள் காரில் அவருக்கு எட்டுவது நடுவில் இருக்கும் கை பிரேக் மட்டும். சில புது மாடல்களில் அதுவும் இல்லை, ஒரு பட்டன்தான். அது ஸ்டியரிங்குக்கு வலப்புறம் இருந்தால் அப்பா வெறும் பயணிதான். கிளம்புவதற்கு முன் அவர் கை எங்கே எட்டுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மலை ஏற்றத்தில் கிளட்சைப் பாதியில் வைத்தே நின்றால் கருகல் நாற்றம் வரும். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும், இரண்டாம் கியரில் இறங்க வேண்டும். சட்டம் தடுக்கவில்லை. நான் ஒரு மாதம் பொறுக்கச் சொல்வேன்.

‘எல்’ அட்டை முன்னும் பின்னும் வேண்டும்: வெள்ளைப் பின்னணி, சிவப்பு எழுத்து, குறைந்தது 18 செ.மீ. சதுரம், எழுத்தின் உயரம் 10 செ.மீ. கடை ஸ்டிக்கரை ஸ்கேல் வைத்து அளந்து வாங்குங்கள். கறுப்புக் கண்ணாடியில் எழுத்தை மட்டும் வெட்டி ஒட்டுவது கணக்கில் சேராது.

பைக்கில் பின்னால் உட்காரக்கூடியவர் கற்றுக்கொடுப்பவர் மட்டுமே. மனைவியிடம் கியர் பைக் லைசென்ஸ் இருந்து, அவரே ஆசிரியர் என்றால் தாராளமாக ஏற்றலாம்.

18 முடிந்தது, கியர் லைசென்ஸ் வந்தது. நேராக 650 சிசி வாங்கலாமா?
– வாசகர், சேலம்

வாங்கலாம். இந்தியாவில் சிசி உச்சவரம்பு இல்லை. சிங்கப்பூரில் இருந்திருந்தால் 2பி வகுப்பில் 200 சிசி வரை ஓராண்டு, பிறகு 2ஏ வகுப்பில் 400 சிசி வரை, அதற்கப்புறம்தான் பெரிய வண்டி.

வயது 22. கார் லைசென்ஸில் குட்டி யானை ஓட்ட பேட்ஜ் வேண்டுமா?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

வேண்டாம். மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டியை எல்.எம்.வி. (இலகு ரக வாகனம்) என்று குறித்த கார் லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பர் 6-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்துவிட்டது. குட்டி யானை அந்த எல்லைக்கு வெகு கீழே. பெரிய வண்டிக்கு மாறும்போது பெயரை நம்பாதீர்கள், ஒரே பெயரில் பல எடைகளில் மாடல்கள் வருகின்றன. ஆர்.சி.யில் மொத்த எடை என்ற வரியைப் பாருங்கள், காலி வண்டியின் எடையை அல்ல. 7,500-ஐத் தாண்டினால் எல்.எம்.வி. எடுத்து ஓராண்டு முடிந்த பிறகுதான் அதற்கான எல்.எல்.ஆரே கிடைக்கும். பெட்ரோல், கேஸ் போன்ற அபாயகரமான சரக்கு ஏற்றும் வண்டிக்கு, எடை குறைவாக இருந்தாலும், தனித் தகுதி வேண்டும்.