மன்றோ சிலையில் அங்கவடி இல்லாதது மறதியா?

வணக்கம் சார். மகள் பள்ளியில் சென்னையில் இருக்கும் கவர்னர் மன்றோவின் குதிரைச் சிலை பற்றி இரண்டு நிமிடம் பேச வேண்டும், "சிற்பி அங்கவடியை (குதிரையில் உட்காருபவர் கால் வைக்கும் வளையம்) மறந்துவிட்டு, அந்த வருத்தத்தில் உயிரை விட்டார்" என்ற கதையைச் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். நானும் சின்ன வயதில் பஸ் ஜன்னலோரம் அப்பா சொல்லிக் கேட்டு நம்பியவன்தான்.

சிலையைச் செய்தவர் லண்டன் சிற்பி பிரான்சிஸ் சான்ட்ரி. மறதி என்றால் அங்கவடி மட்டும்தானே விடுபட வேண்டும்? இதில் சேணமே கிடையாது. அதோடு, லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் அவர் செய்த நான்காம் ஜார்ஜ் மன்னரின் குதிரைச் சிலையிலும் இரண்டுமே இல்லை. ஒரே ஆள் ராஜாவுக்கும் கவர்னருக்கும் ஒரே பொருளை மறப்பாரா என்ன! பழைய ரோமானியர் பாணியில் வேண்டுமென்றே விட்டது அது. மன்றோ சிலை சென்னையில் நிறுவப்பட்டது 1839-இல். சான்ட்ரி இறந்தது 1841-இல், திடீர் உடல்நலக் குறைவால்.

மன்றோவைப் பற்றி இரண்டு வரி போதும்: 1820 முதல் சென்னை மாகாண கவர்னர், விவசாயியிடமே நேரடியாக நிலவரி வாங்கும் ரயத்துவாரி முறையைப் பரப்பியவர், 1827-இல் (இன்றைய ஆந்திராவில் உள்ள) பத்திகொண்டாவில் காலராவால் இறந்தார்.

அப்புறம், படம் எடுக்க ஞாயிறு விடியற்காலையில் போங்கள். தீவுத்திடல் பக்கம் மற்ற நேரத்தில் வண்டிகள் விடாது. மேடை நல்ல உயரம், அதனால் கொஞ்சம் தள்ளி நின்று பக்கவாட்டில் எடுத்தால்தான் தொங்கும் கால் தெளிவாகத் தெரியும்.