யூஎம்எல்லில் நமக்கென ஒரு வடிவம்

கேள்வி: மருத்துவக் கருவி மென்பொருளுக்கு யூஎம்எல் (மென்பொருள் அமைப்பைப் படமாக வரையும் மொழி) மாடல் வரைகிறோம். ஒவ்வொரு கிளாஸிலும் பாதுகாப்பு வகுப்பைக் குறிக்க பேப்பிரஸ் என்ற யூஎம்எல் வரைவுக் கருவியில் ஒரு புரொஃபைல் (யூஎம்எல்லை நம் துறைக்கேற்ப விரிவாக்கும் தொகுப்பு) செய்தோம். மாடலில் எதுவுமே தெரியவில்லை, ஏன்?

பதில்: பெரும்பாலும் ‘டிஃபைன்’ என்ற படி விடுபட்டிருக்கும். புரொஃபைலைச் சேமிக்கும்போது பேப்பிரஸ் அதைக் கேட்கும். அவசரத்தில் ‘வேண்டாம்’ என்றால் கோப்பு சேமிக்கப்படும், ஆனால் பயன்படுத்தத்தக்க புதிய பதிப்பு உருவாகாது. டிஃபைன் செய்த பின் மாடலின் மேல்மட்டப் பேக்கேஜில் புரொஃபைலை ‘அப்ளை’ செய்யுங்கள். அதன் பிறகே கிளாஸுக்கு ஸ்டீரியோடைப் (புரொஃபைலில் நீங்கள் வரையறுத்த குறி) கிடைக்கும். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் மறுபடி டிஃபைன் செய்ய வேண்டும்.

ஸ்டீரியோடைப்பிலிருந்து ‘கிளாஸ்’ என்ற மெட்டாகிளாஸுக்கு (யூஎம்எல்லின் அடிப்படைக் கூறு) எக்ஸ்டென்ஷன் என்ற விரிவாக்க அம்பு போகிறதா என்றும் பாருங்கள். அதன் முனை நிறைத்த முக்கோணம். பலர் ஜெனரலைசேஷன் (பொது வகைக்கும் அதன் சிறப்பு வகைக்கும் உள்ள உறவு) அம்பைப் போட்டுவிடுகிறார்கள். அதன் முக்கோணம் வெற்றானது, பொருளும் வேறு.

பாதுகாப்பு வகுப்பை வெறும் எழுத்தாக விடாதீர்கள். மருத்துவக் கருவி மென்பொருளுக்கான ஐஇசி 62304 தரநிலை சொல்லும் ஏ, பி, சி மூன்றையும் எனுமரேஷனாக (தேர்வுப் பட்டியலாக) வையுங்கள். ‘சி என்றால் சோதனை எண் காலியாக இருக்கக்கூடாது’ என்பதை ஓசிஎல் (யூஎம்எல் மாடலுக்குக் கட்டுப்பாடுகள் எழுதும் மொழி) விதியாக எழுதுங்கள்.

புரொஃபைலால் யூஎம்எல் விதிகளோடு கூடுதல் விதி சேர்க்கலாம். இருப்பதைத் தளர்த்த முடியாது. அமைப்புப் பொறியியலுக்கான மாடல் மொழியான சிஸ்எம்எல் 1-இன் ‘பிளாக்’ இப்படிக் கிளாஸின் மேல் அமைந்த ஸ்டீரியோடைப்தான். இரண்டாம் பதிப்போ யூஎம்எல்லை விட்டு, கெர்எம்எல் என்ற தனி அடித்தளத்துக்கு மாறியது. உங்கள் தேவைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம், புரொஃபைலே போதும்.