பழைய ஓவியத்தைச் சுரண்டாமலே ராமன் கருவியால் வண்ணத்தைக் கண்டுபிடிக்கலாமா? லேசர் ஓவியத்தைக் கெடுக்காதா?

கண்டுபிடிக்கலாம், பெரும்பாலும். கெடுக்கவும் கூடும், கவனம் தப்பினால்.

லேசரைப் பாய்ச்சினால் சிதறும் ஒளி கிட்டத்தட்ட முழுவதும் அதே நிறத்தில்தான் திரும்பும். கோடியில் ஒரு ஃபோட்டான் அளவுக்கு மட்டும் மூலக்கூறின் அதிர்வோடு ஆற்றலைக் கொடுத்து வாங்கி, நிறம் சற்று மாறி வரும். சர் சி. வி. ராமன் 1928இல் கண்டது இதைத்தான். அந்த மாற்றம் சேர்மத்துக்குச் சேர்மம் வேறுபடும்; கருவியின் திரையில் அது ராமன் கோடுகளாகத் தெரியும். எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவி "இதில் பாதரசம் இருக்கிறது" என்பதோடு நின்றுவிடும். ராமன் "இது சாதிலிங்கம்", அதாவது பாதரசமும் கந்தகமும் சேர்ந்த சிவப்பு, என்றே சொல்லும்.

வட அமெரிக்கக் கரையின் ஒரு பகுதியைக் காட்டும், 15ஆம் நூற்றாண்டினது என்று சொல்லப்பட்ட வின்லாந்து வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மஞ்சள் கோடுகளில் அனடேஸ் என்ற டைட்டானியம் டை ஆக்சைடு இருப்பதை 2002இல் ராமன் ஆய்வு காட்டியது. டைட்டானியம் வெள்ளை வண்ணம் பரவலாகப் புழக்கத்துக்கு வந்ததே 1920களில்தான். வாதம் ஓயவில்லை, வேறு ஆய்வுகளும் சேர்ந்த பிறகு, 2021இல் அதை வைத்திருக்கும் யேல் பல்கலைக்கழகமே போலி என்று அறிவித்தது.

இனி லேசர். ஈயச் சிவப்பு என்ற பழைய வண்ணம் காலப்போக்கில் கறுத்து ஈய டை ஆக்சைடு ஆவதுண்டு. அந்தக் கறுப்பின் மேல் லேசரின் திறனைக் கூட்டி வைத்தால், சூட்டில் அது மறுபடி ஈயச் சிவப்பாகிவிடும். திரையில் ஈயச் சிவப்பின் கோடுகள் அழகாக வரும், நாமும் நம்பிவிடுவோம்! மாணவனாக இருந்தபோது ஒரு பயிற்சிப் பலகையில் நான் இப்படி ஏமாந்தேன். நுண்ணோக்கியில் பார்த்தால், லேசர் பட்ட இடத்தில் பொட்டுப் பொட்டாக நிறமாற்றம். நல்ல வேளை, அது வெறும் பலகை. அன்றிலிருந்து ஒரு மில்லிவாட்டுக்கும் கீழே தொடங்கி, ஒவ்வொரு அளவீட்டுக்குப் பிறகும் அந்தப் புள்ளியைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகிறேன்.

அடுத்த தலைவலி ஒளிர்வு. பழைய வார்னிஷும் பசையும் லேசர் பட்டதும் ஒளிர்ந்து, ராமன் கோடுகளை மூழ்கடித்துவிடும். லேசரின் அலைநீளத்தை 532 நானோமீட்டரிலிருந்து 785க்கு மாற்றினால் பல நேரம் தப்பிக்கலாம். மஞ்சிட்டி போன்ற தாவரச் சாயங்களுக்கு அதுவும் போதாது. வெள்ளி நானோ துகள்களைச் சேர்த்துத்தான் கோடுகளை வலுப்படுத்த வேண்டும். அதற்குப் பெரும்பாலும் மாதிரியாகத் துளியாவது எடுக்க நேரும். ஆக, "தொடாமலே" என்பது அங்கே செல்லாது.

அப்புறம், வெண்கலச் சிலை என்றால் உலோகம் ராமனுக்குப் பதில் சொல்லாது. அதன் மேல் படிந்த களிம்பு சொல்லும். பச்சைக் களிம்பு மாலகைட் என்றால் பதற வேண்டாம். தாமிர குளோரைடு வகை என்றால் அரிப்பு உள்ளே தொடரக்கூடும். சிலையை ஈரப்பதம் குறைந்த பெட்டிக்கு மாற்றச் சொல்லுங்கள்.