வாகனம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 2014 டொயோட்டா அக்குவா ஹைபிரிட் கார். கொஞ்ச நாளாகப் பின் சீட்டுப் பக்கம் ஃபேன் இரைகிறது. கராஜில் ஹைபிரிட் பற்றரியையே மாற்றச் சொல்கிறார்கள். (தெஹிவளை வாசகர்)

பதில்: அவசரப்படாதீர்கள். அக்குவாவில் ஹைபிரிட் பற்றரி பின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. காருக்குள் இருக்கும் காற்றைச் சீட்டோரக் கிரில் வழியாக ஒரு ஃபேன் இழுத்து அதைக் குளிரவைக்கிறது. சீட் பஞ்சும் முடியும் தூசியும் ஃபேன் இதழ்களில் கம்பளிபோலப் படிந்தால் காற்றோட்டம் குறையும், பற்றரி சூடேறும், ஃபேன் இன்னும் வேகமாகச் சுற்றும். இரைச்சல் பெரும்பாலும் இதனால்தான். கிரிலை வக்யூமால் உறிஞ்சுங்கள். கொம்ப்ரசரால் ஊதினால் தூசி பற்றரிக்குள்ளே போய்விடும். ஃபேனைக் கழற்றித் துடைப்பது ஹைபிரிட் தெரிந்தவரின் வேலை. உள்ளே 144 வோல்ட். செம்மஞ்சள் வயர்களைத் தொடவே கூடாது. பற்றரியின் உயர் மின்னழுத்த இணைப்பைத் துண்டிக்கும் சேர்விஸ் பிளக்கைக் கழற்றி 10 நிமிடமாவது விட்ட பிறகே கை வைக்க வேண்டும்.

துடைத்தும் எச்சரிக்கை விளக்கு எரிந்தால், ஸ்கேனரில் ஒவ்வொரு பிளொக்கின் (பற்றரி மொடியூல்கள் சேர்ந்த பகுதியின்) வோல்டேஜையும் காட்டச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அதிலுள்ள பழுதான மொடியூலை மட்டும் மாற்றலாம். மலிவுதான், ஆனால் மற்றவற்றுக்கும் அதே வயது. உத்தரவாதத்தை எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: கடலோர மரைன் டிரைவ் பக்கம் கார் நிற்கிறது. கறள் பிடிக்காமல் இருக்க அடியில் அன்டர்கோட் பூச்சு அடிக்கலாமா? (வெள்ளவத்தை வாசகி)

பதில்: அடிக்கலாம், ஆனால் கறளின் மேல் அல்ல. மேலே மூடிவிட்டால் ஈரம் உள்ளே நின்று தகட்டைத் தின்னும். வெளியே கறுப்பாகப் பளபளக்கும், அவ்வளவுதான். ஜப்பானின் ஹொக்கைடோ போன்ற பனிப் பகுதியில் ஓடிய கார் என்றால், வீதியில் தூவிய உப்பால் அங்கேயே கறள் பிடித்திருக்கக்கூடும். ஜப்பான் ஏலத்தில் காரின் நிலையை எழுதும் ஏலத் தாளில் அடிக்கறள் பற்றிய குறிப்பு இருக்கிறதா பாருங்கள்.

முதலில் காரை லிஃப்டில் ஏற்றி நல்ல தண்ணீரால் கழுவிக் காயவிடுங்கள். கறளைக் கம்பித் தூரிகையால் சுரண்டி, கறள் மாற்றி (மிச்சக் கறளை மேலும் பரவாமல் மாற்றும் இரசாயனம்) பூசி, பிரைமர் அடித்த பிறகே அன்டர்கோட். கதவுக்கு அடியில் உள்ள வடிகால் துளைகளை அடைக்க விடாதீர்கள். அடைத்தால் மழைத் தண்ணீர் உள்ளேயே தேங்கும். சைலன்சர், பிரேக் டிஸ்க், ரப்பர் புஷ்களில் படவே கூடாது.

கேள்வி: ஜப்பானிலிருந்து வந்த காரின் ரேடியோவில் நம் எஃப்.எம். நிலையங்கள் பல வரவில்லையே? (கொட்டாஞ்சேனை வாசகர்)

பதில்: பழுதில்லை. ஜப்பான் செட் பல 76 முதல் 90 அல்லது 95 மெகாஹேர்ட்ஸ் வரைதான் பிடிக்கும். இங்கே 108 வரை போகிறது. அன்டனா வயருக்கும் செட்டுக்கும் இடையில் பேண்ட் எக்ஸ்பாண்டர் (அலைவரிசையைச் செட் பிடிக்கும் அளவுக்குக் கீழே இறக்கும் சிறு கருவி) பொருத்தினால் போதும். டிஸ்பிளேயில் மட்டும் அலைவரிசை எண் குறைவாகவே தெரியும்.