பட்டறை பதில்கள்: ஆயிரம் வாட்டும் ஆறு கம்பியும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: பெரிய கிராஃபிக்ஸ் கார்டு, அதற்கு மின்சாரம் கொண்டுபோகும் கேபிள், கருகல். அதனால் மற்றதையெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். பிரின்டர் பற்றிக் கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: ஆர்டிஎக்ஸ் 5090 வாங்கப் போகிறேன். என்னிடம் ஐந்து வருடப் பழைய 850 வாட் ‘கோல்டு’ எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) இருக்கிறது. கார்டு 575, பிராசசர் 150, மற்றவை 50. கூட்டினால் 775 வாட்தான் வருகிறது. போதும்தானே?

கூட்டல் சரி. ஆனால் 575 என்பது கார்டு சீராக ஓடும்போது இழுப்பது. விளையாட்டில் காட்சி சட்டென்று மாறும்போது கார்டு ஒரு கணம் அதைவிட எக்கச்சக்கமாக இழுக்கும். கணம் என்றால் நிஜமாகவே கணம்தான், நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. உங்களுக்குத் தெரியாது, எஸ்எம்பிஎஸ்ஸுக்குத் தெரியும். பழைய மாடல்கள் இதை ஏதோ கோளாறு என்று நினைத்து அணைந்துவிடும். ‘விளையாட்டு நடுவே பட்டென்று அணைகிறது, திரும்பப் போட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடுகிறது’ என்று மெஷினைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் பலருக்கு நோய் இதுதான்.

இதற்காகவே 2022இல் எஸ்எம்பிஎஸ்களுக்கு ஏடிஎக்ஸ் 3.0 என்ற விதி வந்தது. அதன்படி, இவ்வகைக் கார்டுகளுக்கான எஸ்எம்பிஎஸ் தன் அளவைப் போல இரண்டு மடங்கு சுமையை 100 மைக்ரோநொடிக்கு அணையாமல் தாங்க வேண்டும். பெட்டியில் ‘ஏடிஎக்ஸ் 3.0’ அல்லது ‘3.1’ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கார்டின் நிறுவனமான என்விடியாவே 5090க்கு 1000 வாட் சொல்கிறது. முந்தைய 4090க்குச் சொன்னது 850. உங்கள் பழையதை 300 வாட் கார்டு வைத்திருக்கும் நண்பருக்குக் கொடுங்கள், நன்றாக உழைக்கும்.

‘கோல்டு’ பற்றி ஒரு வார்த்தை. அது 80 பிளஸ் கொடுக்கும் திறன் சான்று. 115 வோல்ட் சோதனையில், பாதிச் சுமையில், சுவரிலிருந்து 100 வாட் எடுத்தால் 90 வாட்டாவது உள்ளே கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். மிகை மின்னோட்டம், மிகைச் சூடு, ஷார்ட் இவை வந்தால் அது தன்னைத்தானே அணைத்துக்கொள்ளுமா என்பதைப் பற்றி அந்த ஸ்டிக்கர் வாயே திறக்காது. பாதுகாப்புச் சுற்றுகளின் பட்டியல் தனியாக அச்சிட்டிருக்கும். அது இல்லாத பெட்டியில் தங்க முலாம் பூசியிருந்தாலும் நான் வாங்கமாட்டேன்.

கேள்வி: கார்டுக்கு மின்சாரம் தரும் 16 பின் கனெக்டர் ஏன் உருகுகிறது? பயனர் சரியாகச் சொருகவில்லை என்கிறார்கள், டிசைனே கோளாறு என்றும் சொல்கிறார்கள். உங்கள் கட்சி எது?

இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் என் ஓட்டு டிசைனுக்கு எதிராகத்தான். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், இதைப் புரிந்துகொண்டால் மற்றக் கேள்விகள் பாதி தீர்ந்துவிடும்.

பழைய 8 பின் கனெக்டரை எடுத்துக்கொள்வோம். விதிப்படி 150 வாட். 12 வோல்ட்டால் வகுத்தால் 12.5 ஆம்ப். அதைச் சுமக்க மூன்று 12 வோல்ட் கம்பிகள். ஆளுக்கு நாலு ஆம்ப் சொச்சம். அந்தப் பின்களோ 7, 8 ஆம்ப் வரை தாங்கக்கூடியவை. அதாவது ஒரு கம்பி கைவிட்டால்கூட மற்ற இரண்டும் மூச்சு வாங்கிக்கொண்டு ஓட்டிவிடும்.

புதிய 16 பின் கனெக்டரில் (முதலில் 12விஎச்பிடபிள்யூஆர், 2023 திருத்தத்துக்குப் பிறகு 12வி-2×6) 600 வாட்டுக்கு ஆறு 12 வோல்ட் கம்பி. 50 ஆம்ப் வகுத்தல் ஆறு, ஆளுக்கு 8.3 ஆம்ப். பின்னின் உச்ச வரம்பு 9.5. மிச்சம் இருக்கிற இடைவெளியைப் பாருங்கள்! போதாக்குறைக்குப் பின்களும் பழையதைவிடச் சின்னவை.

ஆறு பேர் தூக்கும் பல்லக்கு என்று வையுங்கள். ஆறு தோளும் ஒரே மட்டத்தில் இருக்கும்வரை சிக்கல் இல்லை. ஒருவர் தோளை இறக்கினால் அவருக்குச் சுகம், பாரம் மற்றவர் மேல். மின்சாரமும் தடை குறைந்த வழியில்தான் அதிகம் போகும். நாலு பின்களின் தொடுப்பு லேசாகத் தளர்ந்தால், நன்றாகத் தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டுக்கும் தண்டனை. 2025 பிப்ரவரியில் ஜெர்மானிய ஓவர்கிளாக்கர் (கணினி உறுப்புகளை விதித்த வேகத்துக்கு மேல் ஓட்டிப் பார்ப்பவர்) ஒருவர் 5090 கார்டின் கேபிளை அளந்து காட்டினார்: ஒரே கம்பியில் 20 ஆம்புக்கு மேல் ஓடியது, எஸ்எம்பிஎஸ் பக்க முனை சுமார் 150 டிகிரி செல்சியஸ் சூடு.

சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். தொடுப்பின் தடை 6 மில்லி ஓம் என்று வைத்துக்கொண்டால், 8 ஆம்ப் ஓடும்போது அந்தச் சின்ன இடத்தில் 0.4 வாட்டுக்கும் குறைவு. 20 ஆம்ப் ஓடினால் 2.4 வாட். கடுகளவு உலோகத்தில், நாலு பக்கமும் பிளாஸ்டிக் சூழ, காற்றே போகாத இடத்தில்.

ஒரு கம்பியில் பாரம் ஏறுவது கார்டுக்குத் தெரியாதா? தெரியாது. இந்தக் கனெக்டருடன் முதலில் வந்த 3090 டிஐ கார்டு ஆறு கம்பிகளை மூன்று ஜோடியாகப் பிரித்துத் தனித்தனியே கவனித்தது. அடுத்து வந்த 4090இல் ஆறும் கார்டுக்குள் நுழைந்ததும் ஒன்றாகிவிடுகின்றன. மொத்தம் எவ்வளவு என்று தெரியும், யார் எவ்வளவு சுமக்கிறார் என்று தெரியாது. இப்போது விலை உயர்ந்த சில மாடல்களில் பின்னுக்குப் பின் அளந்து எச்சரிக்கும் வசதி வந்திருக்கிறது. எல்லாவற்றிலும் இருந்திருக்க வேண்டியது.

2023 திருத்தத்தில் என்ன செய்தார்கள்? நாலு சின்ன ‘சென்ஸ்’ பின்களை 1.5 மில்லிமீட்டர் உள்ளே இழுத்தார்கள். மின்சாரப் பின்களை 0.25 மில்லிமீட்டர் நீட்டினார்கள். அரைகுறையாகச் சொருகினால் சென்ஸ் பின் தொடாது, கார்டு முழு மின்சாரம் கேட்காது. நல்ல வேலைதான். ஆனால் இந்த மாற்றம் சாக்கெட்டில் மட்டும், கேபிள் அதேதான். அதனால் ‘புது 2×6 கேபிள்’ என்று யாராவது கூடுதல் விலை சொன்னால் எதற்கு என்று கேளுங்கள். சாக்கெட்டில் ‘எச்++’ என்று பொறித்திருந்தால் புதியது, ‘எச்+’ என்றால் பழையது. இரண்டிலுமே பாரம் சமமாகப் பிரிவதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

கேள்வி: புது எஸ்எம்பிஎஸ் வாங்கினேன். பழையதன் கேபிள்கள் அழகாக, மொழுமொழுவென்று இருக்கின்றன. முனை அப்படியே பொருந்துகிறது. பயன்படுத்தலாமா?

கூடாது. ஏன் என்று சொல்ல என் மானத்தை வாங்கும் கதை ஒன்று இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் ஒரு வாடிக்கையாளரின் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றினேன். அவசரம். கேபினெட்டுக்குள் பழைய கேபிள்கள் பின்பக்கம் நேர்த்தியாகக் கட்டிக் கிடந்தன; அவிழ்க்கச் சோம்பல். புது எஸ்எம்பிஎஸ்ஸில் அப்படியே சொருகினேன், சொருகவும் சொருகிற்று. சுவிட்சைப் போட்டதும் ‘டப்’ என்று ஒரு சின்ன சத்தம், அப்புறம் அந்த வாடை. இரண்டு ஹார்டு டிஸ்க்கும் போய்விட்டன. 5 வோல்ட் வரவேண்டிய கம்பியில் 12 வோல்ட் வந்திருக்கிறது. கார்டு பக்க முனைக்குத்தான் பொது விதி. எஸ்எம்பிஎஸ் பக்கத்தில் எந்தத் துளையில் என்ன என்பது அவரவர் இஷ்டம். ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடலுக்குள்ளேயே மாறும். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாலும் டிஸ்க்குகளுக்கும், தரவை மீட்கவும் நான்தான் பணம் கட்டினேன். இப்போது பழைய எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றினால் அதன் கேபிள்களையும் சேர்த்துச் சுருட்டி, அதனுடனேயே ரப்பர் பேண்ட் போட்டுவிடுகிறேன்.

தனியாக விற்கும் அலங்காரக் கேபிள்கள் வேண்டுமென்றால், உங்கள் மாடல் எண்ணைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு விற்பதை மட்டும் வாங்குங்கள். ‘எல்லாவற்றுக்கும் பொருந்தும்’ என்பதை விட்டுவிடுங்கள். கம்பி 16 கேஜ் இருக்க வேண்டும். கேஜ் எண் ஏற ஏறக் கம்பி மெலியும், அதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு 18 வாங்கி வந்தவரை எனக்குத் தெரியும். மலிவு கேபிளில் காந்தம் ஒட்டினால் அது செம்பு பூசிய இரும்பு. ஒட்டாவிட்டால் மட்டும் நிம்மதி அடைய வேண்டாம், செம்பு பூசிய அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது.

கேள்வி: கார்டுடன் நாலு 8 பின் முனை கொண்ட அடாப்டர் வந்தது. என் எஸ்எம்பிஎஸ்ஸில் இரண்டே கேபிள். ஒவ்வொன்றிலும் இரட்டை முனை. நாலும் நிரம்பிவிட்டது. சரியா?

முனை நிரம்பியது, கம்பி நிரம்பவில்லை. ஒரு கேபிளில் இரண்டு முனை தொங்கினாலும், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வருவது பெரும்பாலும் அதே மூன்று 12 வோல்ட் கம்பிதான். 300 வாட் என்றால் 25 ஆம்ப், கம்பிக்கு 8.3. மேலே சொன்ன அதே எண்! பழைய கனெக்டரின் நிம்மதியை நீங்களே கையால் கெடுத்துக்கொள்கிறீர்கள். நாலு முனைக்கு நாலு தனிக் கேபிள். இல்லையென்றால், 16 பின் சாக்கெட் நேரடியாக உள்ள எஸ்எம்பிஎஸ். அதுவே மேல், நடுவில் ஒரு மூட்டு குறைகிறது.

கேபினெட் மூடவில்லை என்று வளைந்த அடாப்டர் தேடுவோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் அப்படிப்பட்ட 25,000க்கு மேற்பட்ட அடாப்டர்களைத் திரும்பப் பெற்றார்கள், தளர்ந்து சூடாகிறது என்று. அகலமான கேபினெட் வாங்குங்கள்.

கேள்வி: சாட்டா முனையிலிருந்து (ஹார்டு டிஸ்க்குக்கு மின்சாரம் தருவது) 8 பின்னுக்கு மாற்றும் அடாப்டர் பயன்படுத்தலாமா?

சாட்டா முனையின் 12 வோல்ட் தாங்குவது 54 வாட். 8 பின் கேட்பது 150. அந்த அடாப்டரைத் தயாரித்தவருக்கு வகுத்தல் தெரியாது.

கேள்வி: என் மகள் அனிமேஷன் படிக்கிறாள். இரவு முழுக்க ரெண்டரிங் (காட்சிகளைக் கணினி படமாக்கும் வேலை) ஓடுகிறது. இரண்டு நாளாக அறையில் லேசாக பிளாஸ்டிக் வாடை. அவளோ ‘புது மெஷின் வாடைம்மா’ என்கிறாள். எனக்குத் தூக்கம் வரவில்லை.

அம்மா, இன்று இரவு ஓட்டவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். புது மெஷின் வாடை நாளாக ஆகக் குறையும், புதிதாகத் தொடங்காது. விளையாட்டிலாவது சுமை ஏறி இறங்கும். ரெண்டரிங் மணிக்கணக்கில் முழுச் சுமையிலேயே நிற்கும். கனெக்டருக்கு ஆறுவதற்கு நேரமே இல்லை.

சுவர் பிளக்கைக் கழற்றி, பத்து நிமிடம் விட்டு, பக்கவாட்டுக் கதவைத் திறக்கச் சொல்லுங்கள். டார்ச் அடித்துக் கனெக்டரைப் பார்க்க வேண்டும். சாக்கெட்டுக்கும் முனைக்கும் நடுவே கோடு போல இடைவெளி தெரிந்தால் அது முழுதாக உட்காரவில்லை. போனில் கிட்டத்தில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பது இன்னும் நல்லது. ‘க்ளிக்’ சத்தத்தை நம்பவேண்டாம், சில கனெக்டர்கள் சத்தமே போடாமல் உட்காரும். முனையிலிருந்து வெளியே இரண்டு விரல் அகலத்துக்குக் கேபிள் நேராக வரவேண்டும், அதன் பிறகுதான் வளையலாம். கதவு கேபிளை அழுத்துகிறதா என்றும் பாருங்கள். எஸ்எம்பிஎஸ் பக்க முனையையும் மறக்காதீர்கள், எல்லோரும் கார்டு பக்கம் மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள்.

பழுப்பு நிறமோ, வீங்கிய பிளாஸ்டிக்கோ தெரிந்தால் பலமாக இழுக்கவேண்டாம். படம் எடுத்து, வாரன்டியில் கொண்டுபோய்க் கொடுங்கள். கேபிளை மட்டும் மாற்றி அதே சாக்கெட்டில் சொருகினால் புதுக் கேபிளும் அதே வழியில் போகும், தீய்ந்த பின் இனி சரியாகத் தொடாது.

எல்லாம் சுத்தமாக இருந்தால், மகளிடம் கார்டின் மின்வரம்பை 75 சதவீதத்துக்கு இறக்கச் சொல்லுங்கள். இலவச மென்பொருளில் ஒரே இழுப்பு. மின்னோட்டம் முக்கால்பங்கு ஆனால் தொடுப்பில் சூடு 56 சதவீதம்தான். வர்க்கக் கணக்கு இப்போது நம் பக்கம். வேகம் அந்த அளவுக்குக் குறையாது. என் பட்டறையிலிருந்து வெளியே போகும் பெரிய கார்டுகளுக்கு, உரிமையாளர் ஒப்புக்கொண்டால், நான் இதைச் செய்துதான் அனுப்புகிறேன். ஒப்புக்கொள்ளாதவர்கள் பெரும்பாலும் இருபது வயதுக்காரர்கள்.

கேள்வி: பாதுகாப்புக்காக ஒவ்வொரு ஞாயிறும் கனெக்டரைக் கழற்றித் துடைத்து மாட்டுகிறேன். நல்ல பழக்கம்தானே?

ஐயா, அந்தக் கனெக்டருக்கு விதித்த ஆயுள் 30 முறை. ஏழு மாதத்தில் தீர்த்துவிடுவீர்கள். கழற்றாமல் பாருங்கள். அளந்தே தீரவேண்டுமென்றால் டிசி மின்னோட்டத்தைக் கம்பியைக் கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டரை ஆறு கம்பியிலும் ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள், முழுச் சுமையில். ஏழு, எட்டு என்று பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் கதவை மூடிவிடலாம். ஒன்று மூன்றும் இன்னொன்று பதின்மூன்றும் காட்டினால் கேபிளை மாற்றுங்கள்.

கேள்வி: இவ்வளவு பேசுகிறீர்களே, உங்கள் சொந்தக் கணினியில் என்ன கார்டு?

பழைய 3090. 350 வாட், இரண்டு 8 பின், இரண்டு தனிக் கேபிள். என் மேசை டிராயரில் கருகிய கனெக்டர்கள் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன. அதில் 8 பின் ஒன்றே ஒன்று. அதுவும் சாட்டா அடாப்டரில் மாட்டியது.