குவாங்சௌவுக்கு வரும் தம்பிக்கு: முகவரியைச் சீன எழுத்தில் கேட்டு வாங்குங்கள்

அடுத்த மாதம் தென்சீன நகரமான குவாங்சௌவில் ஓர் ஆடைக் கொள்முதல் அலுவலகத்தில் வேலைக்குச் சேரப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். கூகுள் இயங்காத ஊரில் எந்தத் தேடுபொறியை நம்புவது, பைடு வரைபடம் நல்லதா காவ்தே வரைபடம் நல்லதா என்று கேட்டுவிட்டு, வீட்டு வாடகை, குளிர், சைவச் சாப்பாடு ஆகியவற்றையும் கேட்டிருக்கிறீர்கள். வாடகையை வந்து பார்த்துப் பேசிக்கொள்ளலாம். இந்த ஊர்க் குளிருக்கு ஒரு நல்ல கம்பளிச் சட்டை போதும். சாப்பாட்டுக்கு ஒரு குக்கரும் இரண்டு கிலோ சாம்பார்ப் பொடியும் எடுத்து வாருங்கள். முதல் கேள்விக்குத்தான் நான் விரிவாகப் பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அதில் நான் பட்ட பாடு நீங்கள் படக்கூடாது.

2015இல் நான் இங்கே வந்து இறங்கியபோது, என்னை வேலைக்கு எடுத்த நிறுவனம் ஆங்கில எழுத்தில் ஒரு முகவரி அனுப்பியிருந்தது. அதில் ஜோங்ஷான் என்ற பெயரும் ஒரு கதவு எண்ணும் மட்டுமே இருந்தன. சீனக் குடியரசை நிறுவிய தலைவர் சுன் யாட்-சென்னைச் சீனர்கள் அந்தப் பெயரால்தான் அழைக்கிறார்கள் என்பதும், அவர் பிறந்த இந்த மாகாணத்தில் அந்தப் பெயருக்குப் பஞ்சமே இல்லை என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. பழைய நகரத்தின் குறுக்கே ஜோங்ஷான் சாலை 1 முதல் 8 வரை எண்ணிட்டு ஓடுகிறது. கிழக்கே தியென்ஹே வட்டாரத்தில் ஜோங்ஷான் பெருஞ்சாலை தனியாக இருக்கிறது. ஆற்றுக்குத் தெற்கே அதே பெயரில் ஒரு பல்கலைக்கழகம், இன்னும் தெற்கே போனால் அதே பெயரில் ஒரு நகரமே இருக்கிறது. நான் போக வேண்டியது தியென்ஹேவுக்கு. இரவு பத்தரை மணிக்கு இரண்டு பெட்டிகளுடன் இறங்கி நின்றதோ பழைய நகரத்து யூஷியூ வட்டாரத்தில். ஒரு குடியிருப்பின் காவலர் என் கையிலிருந்த தொலைபேசி எண்ணை அழைத்துப் பேசி, சரியான முகவரியைச் சீன எழுத்தில் ஒரு தாளில் எழுதி, அடுத்த வாடகைக் காரை நிறுத்தி ஏற்றிவிட்டார். அந்தத் தாள் இன்றும் என் கடவுச்சீட்டு உறைக்குள் இருக்கிறது.

ஆகவே, பைடுவா காவ்தேவா என்பது இரண்டாம் கேள்வி. உங்கள் முகவரி சீன எழுத்தில் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. ஆங்கில எழுத்தில் எழுதும் பின்யின் முறையில் தொனிக்குறிகளை விட்டுவிட்டால், வெவ்வேறு எழுத்துகள் கொண்ட பல பெயர்கள் ஒன்றுபோலவே தோன்றும். சாலைப் பெயரின் வாலையும் கவனியுங்கள்: தோங் என்றால் கிழக்கு, ஷீ என்றால் மேற்கு, 'நான்' என்றால் தெற்கு, பெய் என்றால் வடக்கு, ஜோங் என்றால் நடு. ஹுவான்ஷி கிழக்குச் சாலையில் இருக்கும் ஓர் எண்ணை ஹுவான்ஷி மேற்குச் சாலையில் தேடி அரை நாளைத் தொலைத்தவர்களை நான் அறிவேன். ரயில் நிலையத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும்: குவாங்சௌ, குவாங்சௌ கிழக்கு, குவாங்சௌ தெற்கு ஆகியவை ஒன்றுக்கொன்று வெகுதொலைவில் உள்ள வெவ்வேறு நிலையங்கள், அதிவேக ரயில்கள் பெரும்பாலும் நிற்கும் தெற்கு நிலையம் பான்யூ வட்டாரத்தில் இருக்கிறது.

வரைபடங்களில் நான் அன்றாடம் பயன்படுத்துவது காவ்தே. அலிபாபா 2014இல் வாங்கிய நிறுவனம் அது. நடந்து போவதற்கும், மெட்ரோவின் எந்த வாயிலில் வெளியேறுவது என்று அறிவதற்கும், வாடகைக் கார் அழைப்பதற்கும் அது எனக்குப் போதுமானதாக இருக்கிறது. பைடு வரைபடமும் குறைந்ததன்று. ஒரு கட்டடத்தின் முகப்பு எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே பார்க்க வேண்டுமென்றால் அதன் தெருக்காட்சியைத் திறப்பேன். ஐபோன் வைத்திருந்தால், சீனாவுக்குள் ஆப்பிள் வரைபடம் காவ்தேயின் தரவில்தான் இயங்குகிறது என்பதால், முதல் வாரத்துக்கு அது பெரிய துணை.

கூகுள் வரைபடத்தில் குறித்த புள்ளியை மட்டும் யாரும் அனுப்பினால் ஏற்காதீர்கள். சீன அரசு தன் வரைபடங்களுக்கென்று தனி ஆயத்தொலைவு முறையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. உண்மையான இடத்திலிருந்து புள்ளியைச் சில நூறு மீட்டர் வரை வேண்டுமென்றே விலக்கிவைக்கும் அந்த முறையை இங்குள்ள மென்பொருள்காரர்கள் செவ்வாய்க் கோள் ஆயத்தொலைவு என்று அழைப்பார்கள். பைடு அதன்மேல் இன்னொரு விலகலையும் தானே சேர்க்கிறது. ஒரு வரைபடத்து எண்களை இன்னொன்றில் ஒட்டினால் கால்வாயின் மறுகரையில் போய் நிற்பீர்கள்.

தேடுபொறிக்கு வருகிறேன். கூகுள் 2010இல் தன் சீனத் தேடலை ஹாங்காங்குக்கு மாற்றிவிட்டது. அதன் பிறகு இங்கே பைடுதான் பெரியது. சீன எழுத்தில் கேட்டால் நன்றாகப் பதில் தரும்; ஆங்கிலத்தில் கேட்பதானால் சீனாவில் திறக்கும் பிங் மேல், ஆனால் அதன் முடிவுகளும் வடிகட்டப்பட்டவைதாம். டென்சென்ட் என்ற இணைய நிறுவனத்திடம் சேர்ந்துவிட்ட சோகோ தேடுபொறியின் தேடலைவிட, அதன் எழுத்து உள்ளீட்டுச் செயலியைத்தான் நான் விரும்புகிறேன்.

எந்தத் தேடுபொறியானாலும், விளம்பரம் என்று சிறிய எழுத்தில் குறித்த முடிவுகளைக் கடந்து கீழே செல்லுங்கள், குறிப்பாக மருத்துவத்துக்கு. 2016இல் அரிய புற்றுநோயால் தவித்த ஒரு கல்லூரி மாணவர், பைடுவில் முன்னிறுத்தப்பட்ட ஒரு மருத்துவமனையை நம்பிப் பெருந்தொகை செலவழித்து இறந்துபோனது நாடு முழுவதும் கொதிப்பை உண்டாக்கியது. அரசு விசாரித்து, ஒரு பக்கத்தில் விளம்பரம் 30 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்று கட்டுப்படுத்தியது. உடம்புக்கு முடியாவிட்டால் தேடாமல், சன்ஜியா என்ற உயர்தர வகைப்பாடு பெற்ற அரசு மருத்துவமனைக்கே நேராகச் செல்லுங்கள்.

உங்கள் தொழிலுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். இணைய விற்பனைத் தளமான தாவ்பாவ், 2008இலேயே தன் பக்கங்களைப் பைடு திரட்டுவதைத் தடுத்துவிட்டது. செய்திப் பரிமாற்றச் செயலியான வீசாட்டின் கட்டுரைகளும், அனுபவங்களைப் பகிரும் செயலியான சியாவ்ஹோங்ஷுவின் பதிவுகளும் பெரும்பாலும் அந்தந்தச் செயலிக்குள்ளேயே அடைபட்டிருக்கின்றன. துணி விலை பார்க்க வேண்டுமானால் விற்பனைத் தளத்துக்குள்ளேயே தேடுங்கள். ஒரு பேட்டையின் வாடகையும் சத்தமும் எப்படி என்று அறியச் சியாவ்ஹோங்ஷுவில் தேடுங்கள்.

இங்குள்ள நம்மவர்களில் பலர் எட்டு, பத்து ஆண்டுகள் இருந்தும் தடையைத் தாண்ட உதவும் விபிஎன்னில் கூகுளைத் திறந்துகொண்டு, அது அறுந்துபோகும்போதெல்லாம் வீசாட் குழுவில் வழி கேட்டுக்கொண்டிருப்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. நான் முதல் ஆண்டு ஒவ்வோர் இரவும் பத்து எழுத்துகள் எழுதிப் பழகினேன்; முதலில் கற்றது அந்தக் காவலர் எழுதித்தந்த தாளிலிருந்த எழுத்துகளைத்தான். ஆறாவது மாதத்தில் பேருந்தின் முன்பலகையில் என் நிறுத்தத்தின் பெயரை நானே படித்து ஏறியபோது அடைந்த மகிழ்ச்சி இன்றும் நினைவிருக்கிறது.

உங்கள் அலுவலகத்திடம் இன்றே முகவரியைச் சீன எழுத்தில் கேளுங்கள். வந்ததும் எனக்கு அனுப்பினால், எந்த வட்டாரம், எந்த மெட்ரோ வாயில் என்று காவ்தேயில் பார்த்துச் சொல்கிறேன்.