முதலில் தகரம், அப்புறம் இன்ஜின்

பழைய அமெரிக்க கார்களை வீட்டு காரேஜிலேயே புதுப்பிப்பவர்கள் கேட்ட கேள்விகளும், மிச்சிகனிலிருந்து என் பதில்களும்.

கேள்வி: 1966 ஃபோர்டு மஸ்டாங் ஹார்ட்டாப் (இரும்புக் கூரை வண்டி) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 289 கன அங்குல வி8 இன்ஜின். சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆகிறது, பெயின்ட் புதுசு. வாங்கிவிடலாமா ஐயா?
– ஒரு வாசகர், ஹூஸ்டன்

பதில்: ஸ்டார்ட் ஆவதும் பளபளப்பதும் இருக்கட்டும். தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தீர்களா? இந்த வண்டிகளில் பணத்தைத் தின்பது இன்ஜின் இல்லை, துரு. 289க்கு பிஸ்டனிலிருந்து கேஸ்கட் வரை இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. மெஷின் ஷாப்பில் கொடுத்தால் தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து (போர் பண்ணி) தந்துவிடுவார்கள். தகரம் போனால் அவ்வளவு லேசில் முடியாது. மஸ்டாங்குக்குத் தனி சேஸிஸ் கிடையாது. தரையும், கதவுக்குக் கீழே ஓடும் ராக்கர் என்ற தகரமும், முன்பக்க ரெயில் என்ற நீள இரும்பும் சேர்ந்துதான் வண்டியைத் தாங்குகின்றன. அங்கே அரித்துவிட்டால் கதவு சரியாகச் சாத்தாது, வண்டியே நடுவில் தொய்யும்.

முதலில் கவுலைப் பாருங்கள். முன்கண்ணாடிக்கும் பானெட்டுக்கும் நடுவே கீறல் கீறலாகத் திறப்பு வைத்த தகரம் இருக்கிறதே, அதற்கு அடியில் ஒரு பெட்டி உண்டு. வெளிக்காற்று உள்ளே வருவதற்காக வைத்தது. மழைத்தண்ணீரும் அதில்தான் விழும். இரண்டு ஓரமும் வடிந்து வெளியேற வேண்டும். காற்றுத் துளைக்குள் தண்ணீர் இறங்காதபடி சுற்றிலும் உயரமாக விளிம்பு கட்டியிருப்பார்கள். சருகு சேர்ந்து ஈரம் தங்கினால் முதலில் அரிப்பது அந்த விளிம்புதான். என் 66ன் கவுலில் வேக்குவம் குழாயை விட்டு உறிஞ்சியபோது, மக்கிப்போன பைன் இலை ஈரக் காப்பித்தூள் மாதிரி கறுப்பாக வந்துகொண்டே இருந்தது.

விரிப்பை நீக்கிவிட்டு ஒருவர் டார்ச்சோடு டாஷ்போர்டுக்கு அடியில் படுத்துக்கொள்ளட்டும். இன்னொருவர் அந்தக் கீறல்கள் வழியாகத் தண்ணீர் ஊற்றட்டும். முன்சக்கரத்துக்குப் பின்னால் வெளியே வடிந்தால் நல்லது. உள்ளே ஒரு சொட்டு விழுந்தாலும் பெரிய வேலை காத்திருக்கிறது. கவுலின் மேல்தகரம் ஸ்பாட் வெல்டு போட்டு ஒட்டியது. ஒவ்வொரு பொட்டையும் டிரில் பண்ணித்தான் பிரிக்க முடியும். அந்தச் செலவைக் கழித்து விலை பேசுங்கள்.

அப்புறம் ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, பின்சக்கர வளைவிலும் கதவின் அடிப்பாகத்திலும் ஒட்டிப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகரத்துக்குப் பதில் பூசி மறைத்த பட்டிதான் (புட்டி) இருக்கிறது. புதுப் பெயின்ட் என்றாலே எனக்கு முதலில் இந்தச் சந்தேகம் வரும்.

கடைசியாக வண்டி எண். பானெட்டைத் திறந்தால் டிரைவர் பக்க ஃபெண்டர் (முன்சக்கரத்தை மூடும் தகரம்) ஓரத்தில் தகரத்திலேயே அடித்திருக்கும். கதவில் உள்ள தகட்டை மாற்றிவிட முடியும், அதை மட்டும் நம்பாதீர்கள். முதல் இலக்கம் 6 என்றால் 1966 மாடல். அடுத்த எழுத்து தொழிற்சாலை: எஃப் என்றால் டியர்பார்ன், ஆர் என்றால் சான் ஹோசே, டி என்றால் மெட்டச்சன். 07 என்பது ஹார்ட்டாப். ஐந்தாவதாக வருவதுதான் இன்ஜின். சி அல்லது ஏ இருந்தால் 289 வி8. டி இருந்தால் அது ஆறு சிலிண்டர் வண்டியாகப் பிறந்து பிற்பாடு வி8 ஏறியது. அப்படியானால் சக்கரத்தில் நட்டுகளை எண்ணிவிடுங்கள். வி8 வண்டிக்கு ஐந்து, ஆறு சிலிண்டருக்கு நான்கு. நான்கே இருந்தால் பிரேக்கையும் அச்சையும் மாற்றாமல் இன்ஜினை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். அந்த வண்டி வேண்டாம்.

கேள்வி: என் 66 மஸ்டாங்கின் தரைத் தகரம் முழுக்க ஓட்டை. மிக் வெல்டிங் மெஷின் வாங்கிவிட்டேன். நானே மாற்றலாமா?
– ஒரு வாசகர், டொலிடோ

பதில்: தாராளமாக. ஆனால் வெட்டுவதற்கு முன் கதவுத் திறப்பின் குறுக்கே, கதவு சாத்த இடம் விட்டு, இரும்புக் குழாய் வைத்து வெல்டு பண்ணி, வண்டி அசையாமல் கட்டுங்கள். ஒரு பக்கத்தை முடித்த பிறகே அடுத்த பக்கம். ஒவ்வொரு கட்டத்திலும் கதவைச் சாத்தி இடைவெளி மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

தகரம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனம்தான். 0.6 மி.மீ. வெல்டிங் கம்பி போதும். நீளமாக ஒரே கோடாக இழுத்தால் சூட்டில் நெளிந்துவிடும். இங்கே ஒரு பொட்டு, ஒரு சாண் தள்ளி ஒரு பொட்டு என்று போய், ஆறியபின் நடுவில் நிரப்பிக்கொண்டே வாருங்கள்.

பேட்டரியைக் கழற்றுங்கள். இந்த மாடல் மஸ்டாங்கில் பெட்ரோல் டேங்கின் மேல்பக்கமே டிக்கியின் தரை. டேங்கை இறக்கி வெளியே வைக்காமல் தீப்பொறி பறக்கவிடவே கூடாது.

கேள்வி: என் கணவர் எங்கள் 66 மஸ்டாங்குக்கு டிஸ்க் பிரேக், ஐந்து கியர் எல்லாம் போட ஆசைப்படுகிறார். மாமனாரோ, ஒரு போல்ட்டைக்கூட மாற்றக் கூடாது என்கிறார். யார் பக்கம் நியாயம்?
– ஒரு வாசகி, நியூ ஜெர்சி

பதில்: பிரேக் விஷயத்தில் உங்கள் கணவர் பக்கம். அந்த வருட வண்டியில், பிரேக் ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரே அறை. ஏதோ ஒரு சக்கரத்தில் ரப்பர் கிழிந்து ஆயில் ஒழுகினால், நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். 1967லிருந்துதான் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று பிரித்தார்கள். இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டரும் முன்னால் டிஸ்க்கும் போடுவது, குடும்பத்தோடு போகும் வண்டிக்கு அவசியம் என்பேன். முன் டிஸ்க் அந்தக் காலத்திலேயே கூடுதல் விலைக்குக் கிடைத்ததுதான், மாமனாரிடம் சொல்லுங்கள். இடுப்பு பெல்ட் மட்டும் போதாது, அதோடு தோள்பட்டை பெல்ட்டும் சேர்த்துப் போட்டுவிடுங்கள்.

மற்றவற்றுக்கு என் விதி ஒன்றுதான்: போல்ட்டில் மாட்டியதை மாற்றலாம், தகரத்தை வெட்டக் கூடாது. ஐந்து கியர் பெட்டியும் அப்படி மாட்டக்கூடியதுதான். கழற்றியதை எல்லாம் சீட்டு எழுதி ஒட்டி, எண்ணெய் தடவிப் பத்திரமாக வையுங்கள். ஆனால் உங்கள் வண்டி எண்ணில் ஐந்தாவதாக கே என்ற எழுத்து இருந்தால் கதை வேறு. அது 271 குதிரைத்திறன் இன்ஜினோடு வந்த அபூர்வ வண்டி. அப்போது மாமனார் சொல்வதே சரி, அசலாகவே விடுங்கள்.

கேள்வி: 1970ல் செவர்லே கம்பெனியின் செவெல் காரில் வந்த 454 கன அங்குல எல்எஸ்6 இன்ஜின் 450 குதிரைத்திறன். 1972ல் அதே 454க்கு 270தான். இரண்டே வருடத்தில் அவ்வளவு மோசமாகிவிட்டதா?
– ஒரு கல்லூரி மாணவர், மதுரை

பதில்: பாதிக் காரணம் அளக்கும் முறை. முன்பு இன்ஜினை மட்டும் தனியே ஸ்டாண்டில் வைத்து, ஏர் கிளீனரோ முழு சைலன்சரோ இல்லாமல் அளந்தார்கள். 1972 மாடலிலிருந்து, வண்டியில் இருப்பதுபோல எல்லாவற்றையும் மாட்டி அளந்த எண்ணையே போட்டார்கள். 1971ல் செவெலைத் தயாரித்த ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) இரண்டு கணக்கையும் வெளியிட்டது. அந்த வருட செவெல் 454 பழைய கணக்கில் 365, புதுக் கணக்கில் 285. இன்ஜின் அதேதான். மீதிக் காரணம், ஈயம் குறைந்த பெட்ரோலுக்காகக் கம்ப்ரெஷனை (சிலிண்டருக்குள் அழுத்தும் அளவை) குறைத்தது. எல்எஸ்6 தனியாகவே முறுக்கேற்றிய இன்ஜின், அதையும் சாதாரண 454ஐயும் ஒப்பிடக் கூடாது.

கேள்வி: பெயின்ட்டையும் காரேஜிலேயே ஸ்பிரே பண்ணிவிடலாமா?
– ஒரு வாசகர், டெட்ராய்ட்

பதில்: பிரைமருக்கு முந்தைய தேய்ப்பு வேலையெல்லாம் நீங்களே செய்யுங்கள், செலவில் பெரும்பகுதி அதில்தான் மிச்சம். ஹார்டனர் கலந்த இன்றைய பெயின்ட்டில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. அது நுரையீரலைக் கெடுக்கும், ஆஸ்துமாவே வந்துவிடலாம். கடையில் வாங்கும் தூசி மாஸ்க் அதைத் தடுக்காது. வெளியிலிருந்து குழாயில் காற்று வரும் முகமூடி இல்லாமல் அடிக்காதீர்கள். வீட்டோடு ஒட்டிய காரேஜ் என்றால் பெயின்ட் கடைக்கே வண்டியை அனுப்பிவிடுங்கள்.

தேய்க்கும்போதும் கவனம். கூரையும் பின்பக்கத் தகரமும் சேரும் இடத்தில் அந்தக் காலத்தில் ஈயம் உருக்கி நிரப்பினார்கள். ஈயத் தூள் பறக்கும் என்பதால் அங்கே கிரைண்டர் வேண்டாம். பழைய பிரேக் டிரம்மைத் திறந்தால் உள்ளே இருக்கும் தூளைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதவும் வேண்டாம், அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். ஈரத்துணியால் துடைத்து, பையில் கட்டிவிடுங்கள். பிள்ளைகள் அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.